விண்டோஸ் இயங்குதளத்தைக் கைமுறையாக இற்றைப்படுத்தல்

விண்டோஸ் இயங்குதளத்தைக் கைமுறையாக இற்றைப்படுத்தல் என்பது, விண்டோஸ் அப்டேட் எனும் தானியங்குச் சேவை தோல்வியடையும்போது, மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிடும் இற்றைப்பொதிகளைப் பயனரே தேடிப் பதிவிறக்கி நிறுவும் முறையாகும். இணைய இணைப்பு இல்லாத கணினிகளுக்கும், இணைப்பு இருந்தும் ஒரே பொதி மீண்டும் மீண்டும் நிறுவப்படாமல் திரும்பும் கணினிகளுக்கும் இம்முறை பயன்படுகின்றது.

இற்றைப்படுத்தப்படாத கணினி வெளிப்பார்வைக்கு வழமைபோலவே இயங்கும். ஆனால் ஒரு குறைபாட்டுக்கான திருத்தம் வெளியானவுடன், அக்குறைபாடு எங்குள்ளது என்பதும் தாக்குவோருக்குத் தெரிந்துவிடுகின்றது. பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் ஒப்பிட்டாலே மாறிய இடம் புலப்படும். எனவே திருத்தம் வெளியான நாளுக்கும் அது நிறுவப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே கணினிக்கு மிகவும் ஆபத்தான காலமாகும். பிளாஸ்டர், கொன்ஃபிக்கர், வானாகிரை ஆகிய மூன்று பெரும் புழுக்களும் பெருமளவில் பரவியது இந்த இடைவெளியிலேயே ஆகும்.

வரலாறு

விண்டோஸ் அப்டேட் தொடக்கத்தில் உலாவி ஊடாகப் பயனரே சென்று பார்க்கும் இணையத்தளமாக இருந்தது. 1998 இல் வெளியான விண்டோஸ் 98 உடன் இது பரவலாக அறியப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் மி பதிப்பில் தானியங்கு இற்றைப்படுத்தல் அறிமுகமானது. 2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் பிட்ஸ் எனப்படும் பின்னணிப் பதிவிறக்கச் சேவை சேர்க்கப்பட்டது. இது பயனர் பயன்படுத்தாது எஞ்சியிருக்கும் இணைய வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து இற்றைப்படுத்தல் உலாவியை விட்டு இயங்குதளத்தின் உள்ளேயே ஓர் அங்கமாக மாறியது.

2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி காலை 10 மணிக்கு இவை வெளியாகும். இந்திய, இலங்கை நேரப்படி இது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30 ஆகும். மிக அவசரமான குறைபாடுகளுக்கு இந்நாளுக்காகக் காத்திராது இடையிலும் திருத்தங்கள் வெளியாவதுண்டு.

விண்டோஸ் 10 வெளியான 2015 முதல் திருத்தங்கள் திரள் பொதிகளாகவே வழங்கப்படுகின்றன. அதாவது ஒரு மாதத்துப் பொதியில் அதற்கு முந்தைய மாதங்களின் திருத்தங்களும் அடங்கியிருக்கும். 2016 அக்டோபரில் விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 ஆகியவற்றுக்கும் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது. கைமுறையாக இற்றைப்படுத்துவோருக்கு இது பெரும் எளிமையைத் தந்தது. முன்னர் நூற்றுக்கணக்கான சிறு பொதிகளை வரிசையாக நிறுவவேண்டியிருந்த இடத்தில், இப்போது அண்மைய திரள் பொதி ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

இற்றைப்பொதிகளின் வகைகள்

தரப் பொதி: மாதந்தோறும் வெளியாகும் திரள் பொதி. பாதுகாப்புத் திருத்தங்களும் வழு நீக்கங்களும் இதில் அடங்கும்.

அம்சப் பொதி: இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்துவது. எடுத்துக்காட்டாக, விண்டோஸ் 11 இன் 23எச்2 பதிப்பில் இருந்து 24எச்2 பதிப்புக்கு மாறுதல்.

சேவை அடுக்குப் பொதி: மற்றப் பொதிகளை நிறுவும் நிரலையே புதுப்பிப்பது. முன்னர் இது தனியாக வெளியானது. இது பழையதாக இருந்தால் அடுத்த பொதிகள் நிறுவப்படமாட்டா. 2021 முதல் விண்டோஸ் 10 இன் அண்மைய பதிப்புகளில் இது திரள் பொதியுடன் சேர்த்தே வழங்கப்பட்டது.

வன்பொருள் இயக்கிகள்: திரை, ஒலி, வலையமைப்பு முதலிய பாகங்களை இயக்கும் நிரல்கள். கணினி அல்லது பாகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தும் இவற்றைப் பெறலாம்.

ஒவ்வொரு பொதிக்கும் "கேபி" எனத் தொடங்கும் ஓர் எண் உண்டு. இவ்வெண்ணே கைமுறைத் தேடலுக்கு அடிப்படையாகும். இக்கட்டுரையில் பொதிகள் கேபி எண்ணாலேயே குறிப்பிடப்படுகின்றன.

தானியங்கு இற்றைப்படுத்தல் செயற்படும் விதம்

எந்தக் கட்டத்தில் தோல்வி நேர்ந்தது என்று தெரிந்தால்தான் எந்த வழியைக் கையாளவேண்டும் என்பதும் தெரியும். இற்றைப்படுத்தல் நான்கு கட்டங்களாக நிகழ்கின்றது.

1. தேடல்: கணினி தன்னிடம் உள்ள பொதிகளின் விபரத்தை மைக்ரோசாப்ட் வழங்கியுடன் ஒப்பிட்டு, தேவையானவற்றைக் கண்டறியும்.
2. பதிவிறக்கம்: பொதிகள் விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கும் "சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்" எனும் துணைக் கோப்புறையில் சேமிக்கப்படும். பொதியின் மின்னொப்பமும் சரிபார்க்கப்படும்.
3. நிறுவல்: புதிய கோப்புகள் "வின்எஸ்எக்ஸ்எஸ்" எனப்படும் கூறுக் களஞ்சியத்தில் இடப்படும். இயங்குதளத்தின் அனைத்துக் கூறுகளும் இக்களஞ்சியத்திலேயே உள்ளன.
4. மீள்தொடக்கம்: பயன்பாட்டில் உள்ள கோப்புகளை இயங்கும்போதே மாற்ற முடியாது. எனவே கணினி நின்று மீளத் தொடங்கும் வேளையில் அவை மாற்றப்படுகின்றன.

நான்காம் கட்டத்தில் பிழை நேர்ந்தால் விண்டோஸ் தான் செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றுப் பழைய நிலைக்கு வரும். திரையில் மாற்றங்கள் நீக்கப்படுவதாக வரும் அறிவிப்பு இதனைக் குறிக்கும். இவ்வேளையில் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டிப்பது கூறுக் களஞ்சியத்தைப் பழுதாக்கி, தற்காலிகமான பிழையை நிலையான பிழையாக மாற்றிவிடக்கூடும்.

தோல்விக்கான காரணங்கள்

வன்தட்டில் இடமின்மை. பொதியின் அளவு மட்டும் வெற்றிடம் இருந்தால் போதாது. அதனை விரிப்பதற்கும் பழைய கோப்புகளை வைத்துக்கொள்வதற்கும் மேலதிக இடம் தேவை. இதன் பொருட்டு விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பில் இருந்து புதிய நிறுவல்களில் ஏறத்தாழ 7 கிகாபைட்டு இடம் ஒதுக்கி வைக்கப்படுகின்றது.

தவறான நாளும் நேரமும். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் நாள் பல ஆண்டுகள் பின்னுக்குச் செல்லும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் யாவும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால், கணினி வழங்கியின் சான்றிதழை ஏற்க மறுத்துவிடும். பயனருக்கு இது இணையக் கோளாறாகவே தோன்றும்.

பழுதடைந்த தற்காலிகக் கோப்புகள். பதிவிறக்கம் இடையில் நின்றாலோ வன்தட்டில் பிழை இருந்தாலோ அரைகுறைக் கோப்பு தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதையே நிறுவ முயன்று சேவை தோல்வியடையும்.

பழுதடைந்த கூறுக் களஞ்சியம். மின்தடை, வன்தட்டுப் பழுது, "கணினியை விரைவாக்கும்" மென்பொருட்கள் கோப்புகளை நீக்குதல் ஆகியன இதற்குக் காரணமாகின்றன.

நிறுத்தப்பட்ட சேவைகள். இணையச் செலவைக் குறைக்க இற்றைப்படுத்தல் சேவையை ஒருவர் முன்னர் நிறுத்தியிருக்கலாம். அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் உள்ள கணினிகள் நிறுவனத்தின் சொந்த இற்றை வழங்கியைச் சார்ந்திருக்கலாம். அத்தகைய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவ்வழங்கியைத் தேடித் தோல்வியடையும்.

தீநிரல்கள். திருத்தம் வந்துவிட்டால் தமக்கு இடமில்லை என்பதால் சில தீநிரல்கள் முதலில் இற்றைப்படுத்தலையே முடக்குகின்றன.

ஆதரவு முடிவடைதல். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபர் 14 ஆகிய நாட்களில் பொது ஆதரவு முடிவடைந்தது. இதன் பின்னர் பொதிகள் வராமை பழுது அன்று. நீட்டிக்கப்பட்ட ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்த கணினிகள் மட்டும் குறிப்பிட்ட காலம்வரை பொதிகளைப் பெற்றன.

தொடங்குவதற்கு முன்

கைமுறையாக எதையும் நிறுவும் முன்னர் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்.

1. முக்கியமான கோப்புகளை வேறொரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வைக்கவும். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு சில கணினிகளில் பயனரின் ஆவணங்களை அழித்தது. அப்போது இப்பதிப்பு தாமாக முன்வந்து தேடிப் பெற்றவர்களுக்கே சென்றிருந்தது. மைக்ரோசாப்ட் சில நாட்களில் விநியோகத்தை நிறுத்தி, திருத்திய பதிப்பை நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது. முந்திச் சென்று நிறுவுவதில் உள்ள ஆபத்துக்கு இது எடுத்துக்காட்டாகும்.
2. வன்தட்டு பிட்லாக்கர் மூலம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புத் திறவெண்ணை எழுதி வைக்கவும். இற்றைப்படுத்தலின் பின் கணினி இதனைக் கேட்கக்கூடும். திறவெண் இல்லையேல் தரவுகளைத் திரும்பப் பெற இயலாது.
3. "வின்வெர்" எனும் கட்டளையை இயக்கிப் பதிப்பையும் கட்டமைப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளவும். எடுத்துக்காட்டாக, விண்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்புக்கு 19045 எனவும், விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்புக்கு 26100 எனவும் எண் தொடங்கும்.
4. நுண்செயலியின் வகையை அறிந்துகொள்ளவும். பெரும்பாலான கணினிகள் எக்ஸ்64 வகையின. சில பழையவை எக்ஸ்86 வகையிலும், சில புதிய மடிக்கணினிகள் ஆர்ம்64 வகையிலும் அமைந்துள்ளன.
5. இற்றைப்படுத்தல் வரலாற்றுப் பக்கத்தில் தோல்வியடைந்த பொதியின் கேபி எண்ணையும் பிழைக்குறி எண்ணையும் குறித்துக்கொள்ளவும்.
6. மடிக்கணினியாயின் மின்னேற்றியுடன் இணைக்கவும். மேசைக்கணினியாயின், மின்தடை மிகுந்த இடங்களில் தடையில்லா மின்வழங்கியைப் பயன்படுத்தவும்.

கைமுறை வழிகள்

கீழ்க்காணும் வழிகள் எளிதானது முதல் கடினமானது வரை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒன்று பயனளிக்காதபோதே அடுத்ததற்குச் செல்லுதல் நன்று. கட்டளைகள் யாவும் நிருவாகி உரிமையுடன் திறக்கப்பட்ட கட்டளைச் சாளரத்தில் இயக்கப்படவேண்டும்.

தற்காலிகக் கோப்புறையைப் புதிதாக்கல்

"நெட் ஸ்டாப்" எனும் கட்டளை மூலம் பிட்ஸ், விண்டோஸ் அப்டேட், கிரிப்டோகிராபிக் ஆகிய மூன்று சேவைகளையும் நிறுத்தவேண்டும். பின்னர் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறையின் பெயரையும், சிஸ்டம்32 கோப்புறையினுள் உள்ள "கேட்ரூட்2" கோப்புறையின் பெயரையும் மாற்றவேண்டும். பெயரின் இறுதியில் "பழைய" என்னும் பொருள்தரும் ஒட்டைச் சேர்ப்பது வழக்கம். அதன்பின் "நெட் ஸ்டார்ட்" மூலம் சேவைகளை மீளத் தொடங்கினால் விண்டோஸ் இவ்விரு கோப்புறைகளையும் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். "கேட்ரூட்" என எண்ணின்றி இருக்கும் கோப்புறையைத் தொடக்கூடாது.

நீக்குவதற்குப் பதிலாகப் பெயரை மாற்றுவதன் பயன் யாதெனில், ஏதேனும் தவறு நேர்ந்தால் பழைய பெயரைத் திரும்ப இடலாம். இதனால் இற்றைப்படுத்தல் வரலாற்றுப் பட்டியல் வெறுமையாகத் தோன்றும். ஏற்கனவே நிறுவப்பட்ட திருத்தங்கள் நீங்கிவிடுவதில்லை.

கூறுக் களஞ்சியத்தைச் சரிசெய்தல்

இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. "டிஸ்ம்" எனும் கருவி கூறுக் களஞ்சியத்தைச் சரிசெய்யும். "எஸ்எஃப்சி" எனும் கருவி, களஞ்சியத்தில் உள்ள நல்ல படிகளைக் கொண்டு இயங்குதளக் கோப்புகளைச் சரிசெய்யும். களஞ்சியமே பழுதாயிருந்தால் எஸ்எஃப்சி பயன் தராது. ஆகையால் டிஸ்ம் முதலிலும் எஸ்எஃப்சி பின்னரும் இயக்கப்படவேண்டும்.

டிஸ்ம் கட்டளையுடன் "ஆன்லைன்", "கிளீனப்-இமேஜ்", "ரெஸ்டோர்ஹெல்த்" ஆகிய மூன்று சொற்களும், எஸ்எஃப்சி கட்டளையுடன் "ஸ்கேன்நவ்" எனும் சொல்லும், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு இட்டுத் தரப்படும்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. டிஸ்ம் தனக்குத் தேவையான நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட் வழியாகவே பெறும். அதுவே பழுதாயின் டிஸ்மும் தோல்வியடையும். அப்போது அதே பதிப்பின் நிறுவல் வட்டுப் படிமத்தைத் திறந்து, அதனுள் உள்ள "இன்ஸ்டால்" எனும் படிமக் கோப்பினை "சோர்ஸ்" எனும் சொல்லின் மூலம் மூலமாகக் காட்டவேண்டும். "லிமிட்ஆக்சஸ்" எனும் சொல்லையும் சேர்த்தால் டிஸ்ம் இணையத்தை நாடாது.

அப்டேட் காட்டலாக் மூலம் நிறுவல்

மைக்ரோசாப்ட் அப்டேட் காட்டலாக் என்பது வெளியிடப்பட்ட பொதிகளைத் தனிக் கோப்புகளாகப் பெறக்கூடிய இணையத்தளமாகும். தொடக்கத்தில் இது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கியது. 2016 முதல் மற்ற உலாவிகளிலும் இயங்குகின்றது. இதற்குப் பயனர் கணக்கோ கட்டணமோ தேவையில்லை.

1. தளத்தின் தேடற்பெட்டியில் கேபி எண்ணை இடவும்.
2. கிடைக்கும் பட்டியலில் தமது பதிப்புக்கும் நுண்செயலிக்கும் பொருந்தும் வரியைத் தெரிவுசெய்யவும். ஒரே கேபி எண்ணில் பல வரிகள் இருக்கும் என்பதைக் கவனிக்கவும்.
3. கோப்பினைப் பதிவிறக்கவும். இதன் அளவு சில நூறு மெகாபைட்டு முதல் சில கிகாபைட்டு வரை இருக்கலாம்.
4. கோப்பின் பண்புகளைத் திறந்து, மின்னொப்பம் மைக்ரோசாப்டினுடையது எனவும் செல்லுபடியாவது எனவும் உறுதிசெய்யவும்.
5. எம்எஸ்யூ வகைக் கோப்பாயின் இருமுறை சொடுக்கினால் "வூசா" எனும் தனித்து இயங்கும் நிறுவி திறக்கும். கேப் வகைக் கோப்பாயின் டிஸ்ம் கருவியின் "ஆட்-பேக்கேஜ்" கட்டளையால் நிறுவவேண்டும்.
6. கணினியை மீளத் தொடங்கவும்.
7. வின்வெர் கட்டளையை மீண்டும் இயக்கி, கட்டமைப்பு எண்ணின் புள்ளிக்குப் பிந்தைய பகுதி அக்கேபி பொதிக்குரிய பக்கத்தில் தரப்பட்ட எண்ணுடன் ஒத்திருக்கின்றதா எனப் பார்க்கவும். ஒத்திருந்தால் மட்டுமே இற்றைப்படுத்தல் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் இருந்து ஒரு மாற்றம் உண்டு. இடைநிலைப் பொதி ஒன்றை அடித்தளமாகக் கொண்டு அதன் பின்னுள்ள மாற்றங்கள் மட்டும் அடுத்த பொதிகளில் இடம்பெறுகின்றன. 2024 செப்டெம்பரில் வெளியான கேபி5043080 இவ்வாறான அடித்தளப் பொதியாகும். எனவே காட்டலாக்கில் ஒரு பொதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் காட்டப்படலாம். அவை அனைத்தையும் ஒரே கோப்புறையில் இட்டு, இறுதியாக நிறுவவேண்டிய கோப்பினை டிஸ்ம் கருவிக்குக் காட்டினால், தேவையானவற்றை அதுவே வரிசைப்படி நிறுவும்.

இணைய இணைப்பு இல்லாத கணினிக்கு, வேறொரு கணினியில் பதிவிறக்கிய கோப்பினைப் பென் டிரைவில் கொண்டுசெல்லலாம்.

இருக்கும் நிறுவலின் மேல் மீள நிறுவல்

மேற்கூறியவை யாவும் பயனற்றுப் போனால், விண்டோஸின் நிறுவல் வட்டுப் படிமத்தை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து பதிவிறக்கி, இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் உள்ளிருந்தே அதன் "செட்டப்" நிரலை இயக்கலாம். கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்துக்கொள்ளும் தெரிவினைத் தேர்ந்தால், இயங்குதளக் கூறுகள் மட்டும் முழுமையாகப் புதிதாக இடப்படும். கணினியை அந்த வட்டிலிருந்தே துவக்கி நிறுவினால் இத்தெரிவு கிடைக்காது. அது புதிய நிறுவலாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறியாது தரவுகளை இழத்தல் கூடும்.

சில பிழைக்குறி எண்கள்

விண்டோஸ் இவ்வெண்களைப் பதினறும எண்முறையில் காட்டும். முன்னால் வரும் பூச்சியமும் எக்ஸ் எழுத்தும் இங்கு தரப்படவில்லை.

80070070 - வன்தட்டில் இடம் போதாது.
80070005 - அனுமதி மறுக்கப்பட்டது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தடுத்தல், கோப்புறை உரிமைகள் மாறியிருத்தல் ஆகியன காரணமாகலாம்.
80070020 - தேவையான கோப்பினை வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றது. மீளத் தொடங்கிய உடனே முயன்று பார்க்கலாம்.
80073712 - கூறுக் களஞ்சியத்தில் கோப்பு பழுதடைந்துள்ளது அல்லது இல்லை. டிஸ்ம் தேவை.
80240017 - பொதி இக்கணினிக்குப் பொருந்தாது. பதிப்பு அல்லது நுண்செயலி வகை தவறாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கலாம். அப்பொதி ஏற்கனவே நிறுவப்பட்டும் இருக்கலாம்.
80070643 - நிறுவல் தோல்வி எனும் பொதுவான பிழை. இதன் காரணம் பொதிக்குப் பொதி வேறுபடும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

பிளாஸ்டர் (2003)

தொலைநிலைச் செயல்முறை அழைப்புச் சேவையில் இருந்த குறைபாட்டுக்கு மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16 அன்று திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் புழு பரவத் தொடங்கியது. தாக்கப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் அச்சேவை நிலைகுலைந்து, 60 வினாடிகளில் கணினி அணைந்துவிடும் எனும் அறிவிப்புத் தோன்றியது. திருத்தத்தைப் பதிவிறக்கி முடிக்கும் முன்னரே கணினி மீளத் தொடங்கிவிடும். இணையத்தில் இணைந்தவுடன் மீண்டும் தாக்கப்படும். "ஷட்டவுன்" கட்டளையை அதன் நிறுத்தற் தெரிவான ஏ எழுத்துடன் இயக்கிக் கணக்கீட்டை நிறுத்தியும், தீச்சுவரை இயக்கியும், வேறு கணினியில் பெற்ற திருத்தத்தைக் கொண்டுவந்துமே பயனர்கள் இச்சுழலில் இருந்து விடுபட்டனர்.

ஆகஸ்ட் 16 அன்று விண்டோஸ் அப்டேட்டின் முகவரி ஒன்றை முடக்கவும் இப்புழு திட்டமிட்டிருந்தது. அது குறிவைத்தது உண்மையான தளத்துக்கு வழிமாற்றும் துணை முகவரி மட்டுமே என்பதால், மைக்ரோசாப்ட் அம்முகவரியைக் கைவிட்டுத் தாக்குதலைத் தவிர்த்தது. 2004 இல் வெளியான எக்ஸ்பி இரண்டாம் சேவைப் பொதியில் தீச்சுவர் இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தது.

கொன்ஃபிக்கர் (2008)

இதற்குரிய திருத்தம் 2008 அக்டோபர் 23 அன்று, வழமையான நாளுக்குக் காத்திராமல் வெளியிடப்பட்டது. நவம்பரில் புழு வெளிப்பட்டது. இது தானியங்கு இற்றைப்படுத்தல் சேவையை நிறுத்தியதுடன், மைக்ரோசாப்ட் மற்றும் நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களுக்குச் செல்லவிடாமலும் தடுத்தது. பாதிக்கப்பட்ட கணினிக்கு வெளியிலிருந்து திருத்தத்தைக் கொண்டுவருவது தவிர வேறு வழி அரிதாயிருந்தது. ஆனால் இதன் பிற்காலத் திரிபுகள் பென் டிரைவ் மூலமும் பரவின. எனவே திருத்தத்தைச் சுமந்துசென்ற அதே பென் டிரைவ் புழுவைச் சுமந்து திரும்பவும் கூடியதாயிருந்தது. இன்றும் பாதிக்கப்பட்ட கணினிக்குள் இட்ட பென் டிரைவை அடுத்த கணினியில் இடும் முன் சோதிக்கவேண்டும் என்று கூறப்படுவது இதனாலேயாகும்.

வானாகிரை (2017)

2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியானது. மே 12 அன்று வானாகிரை எனும் பணயத் தீநிரல் பரவி, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கையின்படி, 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 19,000 க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. திருத்தத்தை நிறுவுமாறு மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே அவ்வமைப்புகளுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. தாக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, ஆதரவில் இருந்தும் திருத்தம் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள் ஆகும்.

ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் கேபி4012598 எனும் திருத்தத்தைப் பொதுவில் வெளியிட்டது. இதனைக் காட்டலாக் தளத்திலிருந்து பதிவிறக்கி நிறுவிக்கொள்ள முடிந்தது.

விண்டோஸ் 7 உம் புதிய மின்னொப்பமும் (2019)

2019 ஆகஸ்ட் 13 முதல் விண்டோஸ் 7 க்கான பொதிகள் ஷா-2 வகை மின்னொப்பத்துடன் மட்டுமே வெளியாயின. பழைய நிறுவல் வட்டிலிருந்து நிறுவப்பட்ட விண்டோஸ் 7 க்கு இவ்வொப்பத்தைச் சரிபார்க்கத் தெரியாது. சரிபார்க்கும் திறனைத் தரும் பொதிகளை முதலில் கைமுறையாக நிறுவினால்தான் ஏனையவை ஏற்கப்படும். முதலாம் சேவைப் பொதி, கேபி4490628, கேபி4474419 ஆகியன இதற்குத் தேவையானவை.

மீட்புப் பிரிவுச் சிக்கல் (2024)

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10 க்கு வெளியான கேபி5034441, மீட்புச் சூழலில் இருந்த பாதுகாப்புக் குறைபாடு ஒன்றைச் சரிசெய்யவேண்டியது. ஆனால் பல கணினிகளில் மீட்புப் பிரிவு மிகச் சிறியதாக இருந்ததால் 80070643 எனும் பிழையுடன் தோல்வியடைந்தது. காட்டப்பட்ட பிழைச்செய்தி இடமின்மையைக் குறிப்பிடவில்லை. மீட்புச் சூழலை முடக்கி, விண்டோஸ் பிரிவில் இருந்து 250 மெகாபைட்டு குறைத்து, மீட்புப் பிரிவை அழித்துப் பெரிதாக மீள அமைத்து, சூழலை மீள இயக்கும் கைமுறை வழிகாட்டலை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. தானியங்குத் தீர்வு வராது எனப் பின்னர் அறிவித்தது. தவறான பிரிவை அழித்தால் தரவுகள் யாவும் போய்விடும் என்பதால் இது பழக்கமற்றோருக்கு உகந்த பணியன்று.

நம்பகத்தன்மை

தானியங்கு முறையில் பொதியின் மூலத்தைச் சரிபார்ப்பது கணினியின் பொறுப்பு. கைமுறையில் அப்பொறுப்பின் ஒரு பகுதி பயனரைச் சேர்கின்றது. மின்னஞ்சலில் இணைப்பாக வரும் "அவசர இற்றை", உலாவியில் திடீரெனத் தோன்றும் எச்சரிக்கைச் சாளரம், தனிக் கோப்புகளை இலவசமாகத் தரும் பிறர் தளங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். மைக்ரோசாப்ட் எவருக்கும் இற்றைப்பொதிகளை மின்னஞ்சல் இணைப்பாக அனுப்புவதில்லை.

மின்னொப்பமும் ஒரு முறை ஏமாற்றப்பட்டுள்ளது. 2012 இல் கண்டறியப்பட்ட ஃபிளேம் எனும் உளவு நிரல், பழைய எம்டி5 வழிமுறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி மைக்ரோசாப்டின் ஒப்பம்போன்ற சான்றிதழை உருவாக்கி, வலையமைப்பில் இருந்த கணினிகளுக்கு விண்டோஸ் அப்டேட் போலவே தோன்றியது. மைக்ரோசாப்ட் 2012 ஜூன் 3 அன்று தொடர்புடைய சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கியது.

பிற இயங்குதளங்கள்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் நிறுவல் இடையில் நின்றால், "டிபிகேஜி" கருவியின் "கான்ஃபிகர்" தெரிவினால் அரைகுறையாக நின்ற பொதிகளை முடித்து, "ஏபிடி" கருவியின் "ஃபிக்ஸ்-புரோக்கன்" தெரிவினால் சார்புநிலைகளைச் சரிசெய்வது வழக்கம். ஆப்பிளின் மாக் இயங்குதளத்தில் முன்னர் தனித்து நிறுவக்கூடிய கூட்டுப்பொதிகள் கிடைத்தன. 2020 இல் வெளியான பிக் சர் பதிப்பிலிருந்து இயங்குதளப் பிரிவு முழுவதும் ஒப்பமிடப்பட்டு மூடப்பட்டதால் அவை நிறுத்தப்பட்டன. முழு நிறுவியைப் பதிவிறக்கி மேலே நிறுவுவதே மாற்று வழியாகும்.

வரம்புகள்

கைமுறை நிறுவலால் அம்மாதத்துக் குறைபாடு நீங்கும். தானியங்குச் சேவையின் பழுது நீங்காது. மூலக் காரணத்தைக் கண்டறியாவிடில் அடுத்த மாதமும் அதே தோல்வி நிகழும். மேலும், நிறுவிய பொதியே புதிய சிக்கலை உண்டாக்கினால், இற்றைப்படுத்தல் வரலாற்றுப் பக்கத்திலிருந்தோ, கணினி தொடங்காவிடில் மீட்புச் சூழலிலிருந்தோ அதனை நீக்கலாம். அம்சப் பொதியாயின் முந்தைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாக 10 நாட்களே அவகாசம் உண்டு.

எவ்வளவு தானியங்கு முறைகள் வந்தாலும் கைமுறை அறிவு தேவையற்றுப் போவதில்லை என்பதை 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்த கிரவுட்ஸ்டிரைக் முடக்கம் காட்டியது. அப்பாதுகாப்பு மென்பொருளின் தானியங்கு இற்றைக் கோப்பு ஒன்று, மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலையச் செய்தது. அவற்றுள் பல தொடங்கவே இயலாத நிலையில் இருந்ததால், திருத்தத்தைத் தொலைவிலிருந்து அனுப்ப முடியவில்லை. அத்தகைய ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, பாதுகாப்பு நிலையில் துவக்கி, பழுதான கோப்பினை நீக்கவேண்டியிருந்தது. பிட்லாக்கர் திறவெண்ணை எழுதி வைத்திராதவர்களுக்கு அதுவும் எளிதாக இருக்கவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

விண்டோஸ் அப்டேட்
இயங்குதளம்
கணினிப் புழு
பணயத் தீநிரல்
மின்னொப்பம்
தீச்சுவர்